இருபது மைக்ரான்

மூன்று நாள் வேலையை
நாலு நிமிடத்தில் எழுதிவிட்டது.
ஷம்மா தேநீர்க் கோப்பையை
இன்னும் கீழே வைத்திருக்கவில்லை.
திரையில் விமானச் சிறகின் விலா எலும்பு ஒன்று
நீலமும் பச்சையுமாய்ச் சுழன்றது.
"பதினோராயிரம் வரி" என்றாள்,
என்னிடம் ஏதோ மன்னிப்புக் கேட்பதுபோல.

எனக்கு ஆத்திரமில்லை.
என் மூன்று நாளில்
ஒரு நாள் கழுத்துவலி,
அரை நாள் காபி.

அல் ஐன். ஜூலை. இரவு ஷிஃப்ட்.
பதினொரு மணிக்கும் வெளியே முப்பத்தெட்டு டிகிரி.
ஹஃபீத் மலை ஏறும் சாலை விளக்குகள்
யாரோ இருட்டில் ஓட்டிப் பார்த்த
டூல்பாத் போல வளைந்து கிடக்கின்றன.
உள்ளே இருபது டிகிரி.
உலோகம் நீளக்கூடாது என்பதற்காக.
எங்களுக்காகப் போட்ட ஏசி இல்லை இது.

நூற்று நாற்பது கிலோ அலுமினியக் கட்டி.
அதில் பறக்கப்போவது பதினொன்று.
மீதியெல்லாம் சுருள் சுருளாய்த் தொட்டியில் விழுந்து
எடைக்குப் போகும்.
இதில் உவமை எதுவும் தேடாதே என்று
ஷிஜின் ஒருமுறை சொன்னான்.
அப்போது அவன்
சம்பளச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சைக்கிள் ஸ்டார்ட்.
கண்ணாடிக் கதவில் கூலண்ட் அறைந்தது.
கட்டைவிரல் ஃபீட் ஹோல்ட் பொத்தான்மேல்.
முதல் துண்டு ஓடும்போது
பதினாறு வருடமாக அது அங்கேதான் இருக்கும்.
தூக்கத்திலும் லேசாக மடங்கியிருக்கிறதாம்,
விடுப்பில் போனபோது மனைவி சொன்னாள்.

முதல் பள்ளம் சரி.
இரண்டும் மூன்றும் சரி.
நாலாவதில்
நான் ஒருநாளும் நுழையாத மூலையிலிருந்து நுழைந்தது.
சுவர் ஒன்றரை மில்லிமீட்டர்தான்.
அதன் பக்கமாய்ச் சாய்ந்து, தலையைச் சற்றே திருப்பி,
நெரிசல் பேருந்தில்
யார்மேலும் படாமல் இறங்குகிறவன் மாதிரி
போயிற்று.
இப்போது அப்படிச் சொல்கிறேன்.
அப்போது கண்டது
ஹோல்டருக்கும் கிளாம்புக்கும் நடுவே
வெளிச்சம் இல்லை என்பதை மட்டும்.

அழுத்தினேன்.

நகர்வு நின்றது. சுழற்சி நிற்கவில்லை.
கூலண்டை அடைத்து, டார்ச் அடித்து,
கதவில் மூக்கை ஒட்டிப் பார்த்தேன்.
இடைவெளி இருந்தது. மூன்று மில்லிமீட்டர்.
அது கணக்குப் போட்ட அதே மூன்று.
கிளாம்பை நான் எங்கே வைத்தேன் என்பது
என்னைவிட அதற்கு
நன்றாக ஞாபகம் இருந்தது.

வெட்டும்போது கட்டர்
ஒரு முடியளவு வளைந்திருக்கும்.
நிறுத்தினால் நிமிரும்.
நிமிர்கிற இடத்தில்
சுவரைக் கொஞ்சம் கடிக்கும்.

காலையில் மாரிவிக் வந்தாள்.
கருவியை எடுக்கும் முன்பே
நகத்தால் தடவி, "இங்கே" என்றாள்.
இருபது மைக்ரான் என்றது கருவி, பிறகு.
வரைபடம் அனுமதிக்கும் எல்லைக்குள்தான்.
இருந்தாலும் படிவம் உண்டு.

படிவத்தில் காரணம் என்றொரு கட்டம்:
புரோகிராம், கட்டர், இயந்திரம், ஆள்.
"புரோகிராம் என்று போட்டுவிடலாம்,
அது கோபித்துக்கொள்ளாது" என்றாள் ஷம்மா.
சிரிக்கவில்லை. உண்மையாகவே கேட்டாள்.
ஆசையாகத்தான் இருந்தது.

ஆள் என்பதில் டிக் அடித்தேன்.
விவரம் என்ற இடத்தில்
பயம் என்று எழுதினேன்.
அதை அடித்துவிட்டு
முன்னெச்சரிக்கை என்று எழுதினேன்.
அடித்தது நன்றாகவே தெரிந்தது.
மாரிவிக் அதன்மேல் முத்திரை குத்தினாள்.

அந்தத் துண்டுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள்.
ரிவெட் அடித்துச் சிறகுக்குள் மூடுவார்கள்.
ஜன்னலோர இருக்கைக்காரர் யாரோ
சிறகு மேலும் கீழும் அசைவதைப் பார்த்து
இருக்கையின் கையை இறுகப் பிடிப்பார்.
உள்ளே நாலாவது பள்ளத்தின் சுவரில்
நான் பிடித்த பிடி இருக்கும்.

மறுநாள் இரவு இரண்டாம் துண்டு.
நிறுத்துவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.
கட்டைவிரலை என்ன செய்வதென்று தெரியாமல்
சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.
நாலாவது பள்ளம் வந்தது.
அதே மூலை. அதே சாய்வு.
பையைத் தொட்டுப் பார்த்தேன்,
காலி.